நோயெதிர்ப்பியல், இதயநோய் இரண்டிலும் எழுதுகிறவர்கள் தங்கள் வெளியீட்டுப் பட்டியலைச் சேர்ப்பது எப்படி?

இதயநோயில் அழற்சியின் பங்கை ஆராய்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு கட்டுரை நோயெதிர்ப்பியல் இதழில் வரும், அடுத்தது இதயவியல் இதழில் வரும், இன்னொன்று பொது மருத்துவ இதழுக்குப் போய்விடும். நிதி விண்ணப்பத்துக்கோ வேலைக்கோ பதவி உயர்வுக்கோ வெளியீட்டுப் பட்டியல் கேட்கும்போதுதான், அது எந்த ஒரு இடத்திலும் முழுதாக இல்லை என்பது தெரியவரும்.

என் பட்டியலை ஒழுங்குக்குக் கொண்டுவர நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. நூலகரிடம் ஒரு பதில், பதிப்பகத்திடம் ஒரு பதில், நிதி அலுவலகத்தில் இன்னொரு பதில். எல்லாவற்றையும் யாராவது ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. இந்தத் துறைக்குள் புதிதாக வந்திருக்கும் முனைவர் பட்ட மாணவர்கள், ஆய்வில் இறங்கியிருக்கும் மருத்துவர்கள் ஆகியோருக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் படிப்பவர் தானே சரிபார்க்க முடிய வேண்டும். முழுப் பட்டியலையும் பார்த்தால் நீங்கள் எந்தக் கேள்வியைத் துரத்துகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. பெயரையும் அடையாள எண்ணையும் முதலில் உறுதிசெய்யுங்கள்

பப்மெட் போன்ற தரவுத்தளங்கள் கடைசிப் பெயரையும் முதலெழுத்துகளையும் வைத்துத்தான் ஆசிரியரைக் காட்டுகின்றன. ஒரு கட்டுரையில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் அதை விரித்தும், வேறொன்றில் முன்பின் மாற்றியும் எழுதினால் மூன்று ஆட்களாகிவிடுவீர்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

அடுத்து ஆர்க்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் எண். 2012 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. 16 இலக்க எண் கிடைக்கும். தனி ஆய்வாளர்களுக்குக் கட்டணம் இல்லை. பதிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை:

- நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். நிறுவனம் மாறினால் பழைய முகவரி செத்துவிடும், கணக்குக்குள் நுழைய வழியிருக்காது.
- ‘பிற பெயர்கள்’ என்ற இடத்தில், இதுவரை அச்சான உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் போடுங்கள்.
- கட்டுரைகளின் விவரங்களைப் பதிப்பகங்களிடமிருந்து பெற்றுப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தானாகப் புதுப்பிக்க அனுமதி கொடுங்கள். கட்டுரை அனுப்பும்போது ஆர்க்கிட் எண்ணைத் தந்திருந்தால், வெளியானதும் அதன் விவரம் உங்கள் கணக்கில் வந்து சேரும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டுரையை அனுப்பும் தொடர்பு ஆசிரியர் தன் எண்ணை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சக ஆசிரியர்கள் தங்கள் எண்ணைத் தாங்களே உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டும். கட்டுரை ஏற்கப்படுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். வெளியான பிறகு சேர்க்கச் சொன்னால் பதிப்பகங்கள் எளிதில் இசையமாட்டா. ஏற்கெனவே இரண்டு ஆர்க்கிட் எண் வைத்திருப்பவர்கள் ஒன்றை மற்றதோடு இணைத்துவிடலாம்.

2. நான்கு இடங்களில் தேடித் திரட்டுங்கள்

பப்மெட், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய நான்கு தேடுதளங்களிலும் தேட வேண்டும். ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது.

பப்மெட் இலவசம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. மருத்துவக் கட்டுரைகளுக்கு இதுதான் முதல் இடம். ஆனால் மாநாட்டுச் சுருக்கவுரைகள் பொதுவாக இதில் வருவதில்லை. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியவை, நிறுவன நூலகம் வழியாகக் கிடைக்கும். ஸ்கோபஸில் ஆசிரியர் பக்கத்தை மட்டும் சந்தா இல்லாமலும் பார்க்கலாம். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும், உங்கள் பெயர்கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் உட்பட. அதில் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, ‘சேர்ப்பதற்கு முன் கேள்’ என்ற அமைப்பை வையுங்கள்.

நம் துறைக்காரர்களுக்கு ஸ்கோபஸ் தரும் தலைவலி தனி வகை. நிறுவனம், துறை, சக ஆசிரியர்கள் ஆகியவற்றை வைத்து இயந்திரம் ஆளைக் கணிக்கிறது. டி செல் என்ற நோயெதிர்ப்பு அணுவை ஆராயும் ஆய்வகத்தில் இருந்தவர் இதயவியல் துறைக்கு மாறினால், அது இரண்டு பேர் என்று முடிவுகட்டி இரண்டு பக்கம் திறந்துவிடலாம். அப்போது மேற்கோள் எண்ணிக்கையும் பாதியாகப் பிரிந்து கிடக்கும். இணைக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பக் கட்டணம் இல்லை. அது சரியாவதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். விண்ணப்பத் தேதிக்கு வெகு முன்பே அனுப்பிவிடுங்கள்.

கிடைத்ததையெல்லாம் ஜோடீரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருளில் கொட்டி, கட்டுரை ஒவ்வொன்றுக்கும் உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். தலைப்பை வைத்து நீக்காதீர்கள். முன்பதிப்புக்கும் (சக மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றும் வடிவம்) இறுதிக் கட்டுரைக்கும் ஒரே தலைப்பு இருக்கும், டிஓஐ வேறாக இருக்கும். எது எது என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

பப்மெட்டில் உங்கள் பெயர் தவறாக இருந்தால் முதலில் இதழின் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். அந்த விவரம் அங்கிருந்துதான் வருகிறது. கட்டுரைக்குப் போட்டிருக்கும் பொருட்சொற்களையும் ஒருமுறை பாருங்கள். பப்மெட்டின் மையப் பகுதியான மெட்லைனில் 2022இலிருந்து பொருட்சொல் போடும் வேலையை இயந்திரமே செய்கிறது. தமனியில் கொழுப்புப் படிவதைக் குறிக்கும் ‘அத்தீரோஸ்கிளிரோசிஸ்’ என்ற சொல்லோடு ‘நோயெதிர்ப்பியல்’ என்ற துணைச்சொல்லும் சேர்ந்திருந்தால்தான் இரு துறைக்காரர்களும் அந்த வழியில் தேடி உங்கள் கட்டுரைக்கு வந்து சேர்வார்கள்.

3. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்புறை திறங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பின்னால் மிகப் பெரிய உதவி இது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்புறை. உள்ளே இருக்க வேண்டியவை:

- ஏற்புக் கடிதம், அதன் தேதியோடு
- ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதி, அதாவது இதழ் தன் வடிவமைப்பைப் போடுவதற்கு முந்தைய வடிவம்
- வெளியான பிடிஎஃப்
- டிஓஐ, பிஎம்ஐடி, இருந்தால் பிஎம்சிஐடி
- நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் எண்ணும். விலங்கு ஆய்வானால் விலங்கு நெறிமுறைக் குழுவினுடையது
- மருந்துச் சோதனையானால் பதிவு எண்
- தரவு வைப்பக எண்
- பங்களிப்பு அறிக்கை, நலன் முரண் படிவம், பதிப்புரிமைப் படிவம்
- கட்டணம் செலுத்திய ரசீது, நிதி அளித்த திட்டத்தின் எண்

ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதழின் பிடிஎஃப்பைப் பொதுவெளி வைப்பகங்களில் ஏற்றுவதைப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை. இந்தப் பிரதியை ஏற்றுவதைத்தான் அனுமதிக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் நிதியில் செய்த ஆய்வானால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் 12 மாதம்வரை தள்ளிப்போட இடமிருந்தது. ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. பிஎம்சிஐடி இல்லாத கட்டுரையை அடுத்த நிதி அறிக்கையில் காட்டும்போது சிக்கல் வரும். பிஎம்ஐடியும் பிஎம்சிஐடியும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். முன்னது பப்மெட் பதிவின் எண், பின்னது முழுக் கட்டுரை இலவசமாக இருக்கிறது என்பதற்கான எண்.

தரவு எண்ணும் அப்படித்தான். ஆர்என்ஏ வரிசைத் தரவு ஜிஇஓ என்ற பொது வைப்பகத்தில் இருக்கும். நோயாளிகளின் மரபணுத் தரவு அனுமதி பெற்றுப் பார்க்கும் வைப்பகத்தில் இருக்கும். ஜிஇஓவில் ஏற்றிய பிறகு எண் கிடைக்கச் சில வேலை நாட்கள் ஆகும். இதழ் கேட்ட பிறகு ஓடாமல், கட்டுரை எழுதும்போதே ஏற்றிவிடுங்கள். மதிப்பாய்வாளர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைக்க வசதி இருக்கிறது.

4. வகை பிரியுங்கள்: நம்பகத்தன்மை நிற்பதும் விழுவதும் இங்கேதான்

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எண்ணிட்டுத் தருகிறவர்களைத் தேர்வுக் குழுக்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. குறைந்தது இப்படிப் பிரியுங்கள்: சக மதிப்பாய்வு பெற்ற மூல ஆய்வுகள், தொகுப்புரைகள், நோயாளி அறிக்கைகள், தலையங்கமும் கடிதங்களும், முன்பதிப்புகள், மாநாட்டுச் சுருக்கவுரைகள், கூட்டுக் குழு உறுப்பினராகப் பெயர் வந்தவை.

இதயவியலில் மிகப் பெரிய பொறி மாநாட்டுச் சுருக்கவுரை. அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுச் சுருக்கவுரைகள் ‘சர்க்குலேஷன்’ இதழின் சிறப்பு இணைப்பாக வெளிவருகின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்க மாநாட்டினுடையவை ‘யூரோப்பியன் ஹார்ட் ஜர்னல்’ இணைப்பாக வருகின்றன. தொகுதி எண், டிஓஐ எல்லாம் இருக்கும். மேற்கோள் மென்பொருளில் போட்டால் ‘சர்க்குலேஷன்’ கட்டுரை என்றே காட்டும். அதை அப்படியே மூல ஆய்வுகளுக்கு நடுவில் வைத்தால், துறை தெரிந்தவர் பக்க எண்ணைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு உங்கள் மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார். ‘சுருக்கவுரை’ என்று வெளிப்படையாக எழுதி, தனித் தலைப்பின் கீழ் வையுங்கள்.

அடுத்தது கூட்டுக் குழு. பெரிய மருந்துச் சோதனைகளில் நூற்றுக்கணக்கான மையங்கள் பங்கேற்கும். மைய ஆய்வாளர்களின் பெயர்கள் பின்னிணைப்பில் இருக்கும். பப்மெட் இவர்களை ஆசிரியர்களிலிருந்து பிரித்து ‘கூட்டாளர்கள்’ என்று தனியே பதிவுசெய்கிறது. அங்கே உங்கள் பெயர் இருப்பது பெருமைதான், உழைப்புக்கான அடையாளமும்கூட. ஆனால் அது ஆசிரியர் பெயர் ஆகாது. தனிப் பகுதியில், ‘மைய ஆய்வாளர்’, ‘தரவுக் கண்காணிப்புக் குழு’ என்று பங்கைக் குறித்து எழுதுங்கள்.

நோயாளி அறிக்கையைக் குறைத்து மதிக்காதீர்கள். புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தபோது கடும் இதயத் தசை அழற்சி வந்து இருவர் இறந்ததை 2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. இரண்டு நோயாளிகள்தான். அதன் பிறகு இருதுறை ஆய்வாளர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்படி ஒன்றை எழுதியிருந்தால் அதற்கு ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

முன்பதிப்பைப் பொறுத்தவரை, அடிப்படை ஆய்வுக்கு பயோஆர்க்கைவ், மருத்துவ ஆய்வுக்கு மெட்ஆர்க்கைவ். முன்னது 2013இலிருந்தும் பின்னது 2019இலிருந்தும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். மெட்ஆர்க்கைவ் நெறிமுறை ஒப்புதல் விவரம் கேட்கும். தனி நோயாளி அறிக்கைகளை ஏற்பதில்லை. என்ஐஎச் 2017இலிருந்தே விண்ணப்பங்களில் முன்பதிப்பைக் குறிப்பிட அனுமதிக்கிறது. ‘சக மதிப்பாய்வு ஆகவில்லை’ என்று எழுதிவிடுங்கள். இறுதிக் கட்டுரை வந்ததும் முன்பதிப்பு வரியை எடுத்துவிட்டு, அந்தக் கட்டுரையின் கீழேயே இணைப்பு கொடுங்கள். இரண்டையும் எண்ணக் கூடாது.

5. உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள்

மருத்துவத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும்தான் கண்ணில் படும். நடுவில் இருப்பவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. இருதுறைக் கட்டுரைகளில் இது பெரிய அநியாயமாகிவிடுகிறது. இதயவியல் ஆய்வகம் ஒன்று நடத்திய ஆய்வில், மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுவின் வகைகளைப் பிரித்துக் காட்டிய முழு ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களை ஒளியால் எண்ணி வகைபிரிக்கும் முறை) வேலையும் உங்களுடையதாக இருக்கலாம். பெயர் ஐந்தாவதாக இருக்கும்.

இதற்குக் கிரெடிட் என்ற, ஆசிரியர் பங்களிப்புகளை வகைபிரிக்கும் முறை உதவும். கருத்தாக்கம், செயல்முறை, பகுப்பாய்வு, நிதி திரட்டல் என்று 14 பங்குகள் அதில் உண்டு. பல இதழ்கள் இதைக் கட்டுரையின் கடைசியில் அச்சிடுகின்றன. அதிலிருந்து எடுத்து, முக்கியமான கட்டுரைகளின் கீழே ஒரு வரி எழுதுங்கள். அச்சில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம். சமப் பங்கு முதல் ஆசிரியர் என்றால் நட்சத்திரக் குறி போட்டு விளக்குங்கள். அச்சில் உள்ள பெயர் வரிசையை மாற்றி உங்கள் பெயரை முன்னால் கொண்டுவராதீர்கள்.

ஆசிரியர் தகுதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வின் நேர்மைக்குப் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். மரியாதைக்காக யாராவது உங்கள் பெயரைச் சேர்க்க முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அந்தக் கட்டுரையில் பின்னால் பிரச்சினை எழுந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

பெயர் வரிசையை ஆய்வு தொடங்கும்போதே பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆய்வகங்கள் சேரும்போது இது கட்டாயம்.

6. கேள்வி வாரியாக அடுக்குங்கள்

ஆண்டு வாரியான முழுப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். ஆனால் விண்ணப்பத்தின் முன்பக்கத்தில் வைக்க வேண்டியது வேறு: இரண்டு அல்லது மூன்று கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து கட்டுரைகள். படிப்பவர் இதயவியலாளர் என்றால் நோயெதிர்ப்பியல் இதழ்களின் பெயர் அவருக்குப் பெரிதாகப் பரிச்சயம் இருக்காது. நோயெதிர்ப்பியலாளருக்கு இதய இதழ்களும் அப்படியே. அவர்களுக்குப் புரியும் ஒரே இழை அந்தக் கேள்விதான்.

இந்தத் துறையின் பெரிய சோதனைகளே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்த 10,061 பேரிடம் கானகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தது கேன்டாஸ் ஆய்வு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து அது. கொலஸ்டிராலைக் குறைக்காமலே அது மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் சேர்த்து எண்ணிய மொத்தத்தைக் குறைத்தது. முக்கிய முடிவு 2017இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ இதழிலும், நுரையீரல் புற்றுநோய் பற்றிய முடிவு ‘லான்செட்’ இதழிலும் வெளிவந்தன. ஒரே சோதனை, பல கட்டுரைகள். அப்படிப்பட்ட ஒன்றில் நீங்கள் இருந்தால் கட்டுரைகளைச் சிதறவிடாமல், சோதனையின் பெயரையும் பதிவு எண்ணையும் தலைப்பாக வைத்து அதன் கீழே அடுக்குங்கள். ஒரே நோயாளித் தரவிலிருந்து வந்தவை என்பதைப் படிப்பவர் அறிய வேண்டும்.

எதிர்பார்த்த பலன் வராத ஆய்வையும் மறைக்காமல் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைக் குறைந்த அளவில் 4,786 பேரிடம் சோதித்த சிர்ட் ஆய்வில் இதய நிகழ்வுகள் குறையவில்லை. அழற்சிக் குறியீடுகளும் இறங்கவில்லை. அந்த முடிவும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ இதழில்தான் வந்தது. எந்த அழற்சிப் பாதையைத் தடுக்கிறோம் என்பது முக்கியம் என்று கேன்டாஸோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் புரிகிறது. உங்கள் பட்டியலிலும் இப்படி ஒன்றையொன்று விளக்கும் கட்டுரைகள் இருக்கும். அவற்றை அடுத்தடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஐந்தாறு வரி எழுதுங்கள்: என்ன தெரியாமல் இருந்தது, நாங்கள் எதைக் கண்டோம், அதை வேறு யாராவது உறுதிசெய்தார்களா, என் பங்கு என்ன. என்ஐஎச்சின் ஆய்வாளர் குறிப்பு பல ஆண்டுகள் இதே அமைப்பில்தான் இருந்தது: ஐந்து பங்களிப்புகள் வரை, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டுரைகள் வரை. படிவங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பும் மாதத்தில் நடப்பில் உள்ள படிவத்தை இறக்கிப் பாருங்கள். ஆனால் இந்தப் பத்திகள் கையில் இருந்தால் எந்தப் படிவத்துக்கும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

7. எண்களைக் கவனமாகக் கொடுங்கள்

எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் சேர்த்துக் கணிக்கும் எண்) கேட்டால் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் என்று சேர்த்து எழுதுங்கள். ஸ்காலரில் அதிகமாகவும் வெப் ஆஃப் சயின்ஸில் குறைவாகவும் இருப்பது வழக்கம். இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டாம்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை ஒவ்வொரு வரியிலும் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது இதழின் மேற்கோள் சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆய்வு மதிப்பீட்டைப் பற்றி 2013இல் வெளியான டோரா அறிக்கையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் அதை வைத்து ஆளை மதிப்பிடுவதில்லை என்று உறுதி கூறியிருக்கின்றன. உங்கள் நிறுவனம் கட்டாயம் கேட்டால் மட்டும், எந்த ஆண்டுக்கானது என்று குறித்துக் கொடுங்கள்.

இருதுறை ஆட்களுக்கு உண்மையில் பயன்படும் எண் ஒன்று இருக்கிறது. என்ஐஎச்சின் ஐசைட் கருவி தரும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் அது. கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்ற கட்டுரைகளை வைத்து அதன் துறையைக் கணித்து, அந்தத் துறையோடு ஒப்பிடும். 1.0 என்றால் என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடு அளவு. பிஎம்ஐடி எண்களை ஒட்டினால் போதும், இலவசம். புதிய கட்டுரைகளுக்கு இந்த எண் நிலையாக இருக்காது, அவற்றை விட்டுவிடுங்கள்.

8. பணக்கணக்கு

ஆர்க்கிட், பப்மெட் கணக்கு, ஸ்காலர் பக்கம், ஐசைட், ஜோடீரோ, முன்பதிப்பு எல்லாம் இலவசம். உங்கள் பட்டியலைச் சேர்த்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

செலவு வருவது திறந்த அணுக்கக் கட்டணத்தில், அதாவது கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியர் தரப்பு கட்டும் தொகையில். உச்சத்தில், ‘நேச்சர்’ இதழ் தன் திறந்த அணுக்க வழிக்கு 2020இல் அறிவித்த தொகை 9,500 யூரோ. பல இதழ்கள் அதைவிட மிகக் குறைவு என்றாலும் ஆயிரக்கணக்கான டாலர் என்பது சாதாரணம். சந்தா வழியில் வெளியிட்டால் பல இதழ்களில் இந்தக் கட்டணம் இல்லை. ஏற்கப்பட்ட பிரதியை வைப்பகத்தில் ஏற்றி இலவசமாகப் படிக்க வைக்கலாம். வண்ணப் படம், பக்கக் கட்டணம் தனியாக உண்டா என்றும் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி, திசுப் படங்கள் நிறைந்த நம் கட்டுரைகளுக்கு அது கூடிவிடும்.

கட்டுவதற்கு முன் மூன்று இடங்களில் கேளுங்கள்: உங்கள் நூலகம் அந்தப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறதா, நிதித் திட்டத்தில் வெளியீட்டுச் செலவுக்கு இடமிருக்கிறதா, வருமானம் குறைந்த நாடுகளுக்கான விலக்கு உண்டா. வருமானம் குறைந்த நாடுகளுக்கு இதழ்களைக் கிடைக்கச் செய்யும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் பட்டியலில் முதல் பிரிவு நாடுகளுக்கு முழு விலக்கும், இரண்டாம் பிரிவுக்குப் பாதித் தள்ளுபடியும் பல பதிப்பகங்கள் தருகின்றன. விலக்கைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள்.

9. கால அளவைத் தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள்

நம் துறையில் ‘திருத்தத்தில் இருக்கிறது’ என்ற சொல்லுக்கு நீண்ட பொருள் உண்டு. மதிப்பாய்வாளர் ஒரே ஒரு சுண்டெலிப் பரிசோதனையைக் கூடுதலாகக் கேட்கிறார் என்று வையுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றி, புதிய ரத்த அணுக்கள் நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல். அப்புறம் தமனியில் கொழுப்புப் படிவு உருவாக, கொழுப்பு மிகுந்த தீவனம் 12 வாரம் வரை. அப்புறம் திசு வெட்டிச் சாயமேற்றி அளக்க வேண்டும். எலிகள் கையில் இல்லாவிட்டால் இனப்பெருக்கக் காலமும் சேரும். அரை ஆண்டு எளிதாகப் போய்விடும். நிதி விண்ணப்பத் தேதிக்கு முன் கட்டுரை வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முன்பதிப்பாக ஏற்றி, அந்த டிஓஐயைக் கொடுங்கள்.

நிலையைச் சரியாக எழுதுங்கள். அனுப்பியது, மதிப்பாய்வில் உள்ளது, திருத்தத்தில் உள்ளது, ஏற்கப்பட்டது என்று நான்கும் வெவ்வேறு. ஏற்புக் கடிதம் இல்லாமல் ‘அச்சில்’ என்று எழுதக் கூடாது. அனுப்பிய நிலையில் உள்ளதற்கு இதழின் பெயரைப் போட வேண்டாம். யார் வேண்டுமானாலும் எந்த இதழுக்கும் அனுப்பலாம்.

பட்டியலை முதல்முறை ஒழுங்குபடுத்த, வேலைக்கு நடுவே ஓரிரு மாதம் ஒதுக்குங்கள். திருத்தக் கோரிக்கைகளுக்குப் பதில் வரும் காலம்தான் அதில் பெரும்பங்கு. அதன் பிறகு ஒவ்வொரு கட்டுரை ஏற்கப்படும் நாளிலும் அரைமணி நேரம் போதும்.

10. போலி இதழ்களும் திரும்பப் பெற்ற கட்டுரைகளும்

முதல் கட்டுரை வெளியானதுமே உங்கள் மின்னஞ்சலுக்கு அழைப்புகள் கொட்டத் தொடங்கும். ஒரு வாரத்தில் மதிப்பாய்வு, சிறப்பிதழுக்கு ஆசிரியர் பதவி, கட்டணத்தில் தள்ளுபடி என்று மாற்றி மாற்றி ஆசை காட்டுவார்கள். ‘பப்மெட்டில் இருக்கிறது’ என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் போய், தற்போது மெட்லைனில் உள்ளதா என்று பாருங்கள். திறந்த அணுக்க இதழானால், அத்தகைய இதழ்களைச் சோதித்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் தேடுங்கள். வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலையும் அனுப்பும் நாளன்று பாருங்கள். 2023 மார்ச்சில் அதை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ஒரே வீச்சில் 50க்கு மேற்பட்ட இதழ்களை அதிலிருந்து நீக்கியது. முந்தைய ஆண்டு இருந்தது என்பது உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு பக்கம், நீங்கள் ஆதாரமாகக் காட்டிய கட்டுரைகளே திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். இதயத்தில் ஸ்டெம் செல் உண்டு என்று சொன்ன ஒரு ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018இல் பரிந்துரை வந்தது. அவற்றின் மேல் எத்தனையோ பேர் தங்கள் ஆய்வைக் கட்டியிருந்தார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. ஜோடீரோவில் உள்ள கட்டுரை எதுவும் திரும்பப் பெறப்பட்டால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும்.

உங்கள் பெயருள்ள கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்காதீர்கள். ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதி, அந்த அறிவிப்பின் டிஓஐயையும் கொடுங்கள். திருத்த அறிவிப்பு வந்திருந்தாலும் அப்படியே. தேடினால் எப்படியும் தெரியும். நீங்களே சொல்வதற்கு மதிப்பு உண்டு.

11. அனுப்புவதற்கு முன்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிஓஐயையும் உங்கள் நிறுவன இணையத்துக்கு வெளியே, வேறொரு கணினியில் அழுத்திப் பாருங்கள். நிறுவனத்துக்குள் திறப்பது வெளியே சந்தாச் சுவரில் முட்டலாம். அப்படி முட்டுபவற்றுக்கு வைப்பக இணைப்பைப் பக்கத்தில் கொடுங்கள்.

அடுத்து, கேள்வி வாரியாக எழுதிய பத்திகளை மறுபக்கத்துத் துறையில் உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இதயவியலாளருக்கு சிசிஆர்2 ஏற்பி என்றால் புரியாமல் போகலாம். நோயெதிர்ப்பியலாளருக்கு இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் புரியாமல் போகலாம். அவர் நின்று கேட்கிற இடத்திலெல்லாம் ஒரு எளிய வாக்கியம் சேருங்கள்.

கடைசியாக, பட்டியலின் தலைப்பில் தேதியும் ஆர்க்கிட் இணைப்பும் போட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அடுத்த ஏற்புக் கடிதம் வரும்போது அதில்தான் வேலை தொடங்கும்.